கடல் தாண்டக் கூடாத வருடம்

அன்புள்ள அக்கா,

மன்னித்துக்கொள். நீ உயிரோடு இருந்தபோது நேரில் கேட்கக் கூச்சப்பட்டதை, இப்போது நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

அபி சுகமாக இருக்கிறாள். வட்டவளைக் குளிர் பழகிவிட்டது. ரயில் சத்தம் கேட்டால் நம் தோட்டத்து லயத்து வீட்டு வாசலுக்கு ஓடிவிடுகிறாள்.

லண்டனிலிருந்து அத்தான் அவளைக் கேட்டு வழக்குப் போட்டிருக்கிறார். அவரிடம் சொல்லாமல் நீ குழந்தையோடு வந்தபோது, தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாய் என்றுதான் நினைத்தோம். சட்டம் அதைக் கடத்தல் என்கிறதாம். பெற்றவளே கடத்த முடியுமா? வீட்டில் படித்தவள் என்று எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். எனக்கும் விளங்கவில்லை.

மாமாவும் நானும் ஹட்டனில் ஒரு சட்டத்தரணி அம்மாவைப் பார்த்தோம்.

"தாய் செத்த வருசம் முடியாம புள்ள கடல் தாண்டக்கூடாதுங்க," என்றார் மாமா.

"சட்டத்திலயும் ஒரு வருசம் இருக்குங்க ஐயா."

மாமா தொடையில் தட்டினார். "பாத்தியா புள்ள, வெள்ளைக்காரனும் நம்ம சாங்கியத்தத்தான் எழுதி வச்சிருக்கான்!"

"அது சாவுக் கணக்கு இல்லைங்க. புள்ளைய கொண்டுவந்து ஒரு வருசத்துக்குள்ள தகப்பன் கேட்டுட்டா, திருப்பி அனுப்பத்தான் சொல்லுவாங்க. யாரு வளர்க்கிறதுன்னு அந்த நாட்டுக் கோர்ட்டு முடிவு பண்ணும்."

நீ வந்து வருடம் ஆகுமுன்னே, படுக்கையில் கிடந்தபோதே அத்தான் கேட்டுவிட்டார்.

அங்கே குழந்தைக்குப் பெரிய ஆபத்து என்று காட்டினால் மட்டும் நிறுத்தப் பார்க்கலாமாம். "அக்கா ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?" என்று சட்டத்தரணி அம்மா கேட்டார். நீ சொன்னது ஒன்றுதான். "அவருகிட்ட குடுத்துறாத." ஏன் என்று நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தான் வந்தார். அபி என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அப்பாவை மறந்திட்டியோ செல்லம்?"

அவளுடைய சுவெட்டர் திறந்து கிடந்தது. அவர் குனிந்து ஜிப்பைப் பிடித்ததும், அபி தானாகவே முகவாயைத் தூக்கிக் கொடுத்தாள். நான் போட்டுவிடும்போது அப்படிச் செய்ததே இல்லை.

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்: "கடைசியா அவ என்னைப் பற்றி ஏதும் சொன்னவளோ?"

தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். "நல்லா நடிக்கிறான்," என்றார் மாமா, அவர் போனபிறகு. அபியுமா நடித்தாள்? ஆனால் குழந்தையிடம் அன்பாக இருப்பவர் உன்னிடம் எப்படி இருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வருகிற வாரம் கொழும்பில் வழக்கு. என்னையும் கேட்பார்களாம். ஆபத்து என்று நான் சொன்னால் அவள் ஒருவேளை என்னோடு இருந்துவிடுவாள். எனக்கு அவள் வேண்டும். அதனால்தான் என் வாயையே என்னால் நம்ப முடியவில்லை.

அவள் எங்கே வளர்ந்தாலும் உன்னை மறக்க விடமாட்டேன். இது சத்தியம்.

இத்தனையும் எழுதியது இதைக் கேட்கத்தான். அவர் உனக்கு என்ன செய்தார் என்று கனவிலாவது வந்து சொல். சொல்ல ஒன்றும் இல்லையென்றால், என்னிடம் வாங்கிய வாக்கைத் திருப்பி எடுத்துக்கொள், அக்கா.

உன் தங்கச்சி,
அபியின் சித்தி