கைதட்டினால் வெளியே வருபவன்

ஜூன் 3, செவ்வாய்

விடுப்பின் இரண்டாம் நாள். முப்பத்தொரு வருடமாக ஊரார் வீட்டு லிஃப்டுகளோடு மல்லுக்கட்டியவனுக்கு இருபத்தெட்டு நாள் ஓய்வு. எந்த லிஃப்ட், என்ன கோளாறு, என்ன செய்தேன் என்று தினமும் பதிவேட்டில் எழுதிப் பழகிய கை. சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. இருக்கட்டும், நம் வீட்டுக் கோளாறையே எழுதுவோம்.

கோளாறு: பகல் பதினொன்றே காலுக்கு எங்கள் படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ கைதட்டினார்கள்.

அந்தப் பக்கம் இருப்பது கட்டடத்தின் முன்கூடம். வண்ணக் கண்ணாடி ஜன்னல், ஓடு பதித்த கணப்பு, பளிங்குப் படிக்கட்டு. ஜார் காலத்து ஆடம்பரம். இந்தப் பக்கம் இருப்பது ஜினா. என் மனைவி. அவசர ஊர்தி அழைப்பு மையத்தில் இரவு முழுக்க ஃபோன் எடுத்துவிட்டுக் காலை ஒன்பதுக்குப் படுக்கிறவள். நாலு மணி வரையாவது தூங்க வேண்டும்.

கரண்டியோடு ஓடினேன். சூப் கிண்டிக்கொண்டிருந்தேன். கூடத்தில் முப்பது பேர், கைதட்டலின் எதிரொலி கூரையில் சுழல்வதைக் கேட்டு அண்ணாந்து பார்த்தபடி நிற்கிறார்கள். நடுவில் சிவப்புக் குடையோடு ஒரு அம்மாள், வழிகாட்டியாம், எலியோனோரா என்று பெயர்.

"இங்க ஆளுங்க குடியிருக்காங்க!" என்று கத்தினேன்.

"அதுதான் சார் அழகே! இது உயிருள்ள அருங்காட்சியகம். நீங்க பெருமைப்படணும்."

"அப்ப நான் எந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்கணும்னு சொல்லுங்க. போய் நின்னுக்கிறேன்."

யாரோ படம் எடுத்தார்கள். நான் பனியனும் அரைக்கால் சட்டையும். என் தொப்பை, கணப்புக்குப் பக்கத்தில், ஒரு கலைப்பொருளாக.

உள்ளே வந்தால் ஜினா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். "எழுப்பிட்டாங்களா?" என்றேன். "முழிப்பு வந்துடுச்சு" என்றாள்.

ஜூன் 4

ஏழு குழு. ஏழு! சீனாக்காரர்கள், துருக்கியர், அரபிகள், எங்கேயிருந்தோ வந்த ஒரே நிற சட்டைக்காரர்கள். பீட்டர்ஸ்பர்கில் அரண்மனைக்கா பஞ்சம்? என் வாசல்தான் கிடைத்ததா?

ஜூன் 5, வியாழன்

தெருக்கதவின் பொத்தான் பூட்டைக் கழற்றி எண்ணை மாற்றினேன். பத்துப் பொத்தானில் மூன்றை ஒன்றாக அழுத்த வேண்டும். ஃபோனில் இருக்கும் கட்டடத்துக் குழுவில் எல்லாருக்கும் செய்தி போட்டாயிற்று. ஜினாவுக்கு நேரில் சொன்னேன். அவள் அந்தக் குழுவிலிருந்து போன வருடமே வெளியேறிவிட்டாள். நான் அனுப்பும் செய்திகள் தாங்கவில்லையாம்.

இனி வரட்டும் பார்க்கலாம்.

ஜூன் 6

வந்தார்கள். காலை பத்தே முக்காலுக்கு. சிவப்புக் குடை என்னைப் பார்த்துச் சிரித்தது.

எவன் சொல்லிக் கொடுத்தான்? மூன்றாம் மாடி வெனியாமின்தான். எப்போதும் அந்நியரைப் பார்த்தால் பல்லிளிப்பான். மேலே போய்க் கதவைத் தட்டி, காட்டிக்கொடுத்தவன், கைக்கூலி, இன்னும் என்னென்னவோ சொன்னேன். அந்த மனிதர் பல் செட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார்.

ஜூன் 7, சனி

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மாற்றிய அன்றைக்கு, பொத்தான் சிக்காமல் அமுங்கட்டும் என்று மசகு போட்டிருக்கிறேன். தொழில் புத்தி. எதற்குப் போட்டேன்? அழுத்த வேண்டிய அந்த மூன்று பொத்தானுக்கு மட்டும். மற்ற ஏழும் பித்தளையாக மின்னுகின்றன, இந்த மூன்றும் கறுப்பாக, எண்ணெய் வடிய, 'எங்களை அழுத்துங்கள்' என்று நிற்கின்றன. முப்பத்தொரு வருட அனுபவம்.

வெனியாமினுக்கு ஒரு ஜாடி ஊறுகாய் வெள்ளரி கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். "பல்லு போட்டுட்டு வர்றேன், இப்ப திட்டு, பதில் சொல்றேன்" என்றார்.

ஜூன் 9, திங்கள்

இன்று சிரிப்பு இல்லை.

ஜினா வேலையிலிருந்து வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தாள். நேற்று ஒரு பெண் அழைத்து, வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி என்றிருக்கிறாள்.

"பதினாலாம் நம்பர்னு தெளிவாத்தான் காதுல விழுது. விரல் என்னடான்னா நாப்பத்தொண்ணுன்னு அடிக்குது. வண்டி தெருக் கோடிக்குப் போய் நிக்குது. பதினோரு நிமிஷம், இக்னாத். பதினோரு நிமிஷம் அந்தப் பொம்பள ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்திருக்கா."

அந்த ஆள் பிழைத்துக்கொண்டார். ஜினாவுக்கு எழுத்தில் எச்சரிக்கை. இன்னொரு தடவை நடந்தால் ஃபோனில் உட்கார விடமாட்டார்கள். பத்தொன்பது வருடம் செய்த வேலை.

"அதக்கூட விடு. அடுத்த ஆள் பிழைக்கலன்னா?" என்றாள்.

ஒரு எதிரொலிக்காக! தூக்கம் கெட்டு ஒருத்தி எண்ணை மாற்றி அடிக்கிறாள், இவர்களுக்கு எதிரொலி வேண்டுமாம்! இனிமேல் சண்டைதான்.

ஜூன் 10

ஐந்து மொழியில் அட்டை எழுதி ஒட்டினேன். அட்டையோடு நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

நாள் முழுக்கக் கதவுக்குப் பின்னால் காத்திருந்து, ஒவ்வொரு கைதட்டலுக்கும் பாய்ந்தேன். வெளிநாட்டார் எல்லாரையும் விரட்டினேன். கடைசியாக வந்தவர்கள் நம் ஆட்கள், செல்யாபின்ஸ்க்காரர்கள். அவர்கள் என்னைவிட நன்றாகத் திட்டினார்கள். அதில் இரண்டு எனக்கே புதிது. மனப்பாடம் செய்திருக்கிறேன்.

ஜினா ஒன்றரைக்கே எழுந்துவிட்டாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தது. பாவிகள்.

ஜூன் 13, வெள்ளி

மகள் உல்யானா த்வேர் நகரிலிருந்து அழைத்தாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை அவளுக்கு.

"அப்பா, நீங்க பிரபலமாயிட்டீங்க. கரண்டியோட கத்துறீங்களே, அத ஒரு துருக்கிக்காரன் போட்டிருக்கான். நாலு லட்சம் பேர் பாத்துட்டாங்க."

"கேஸ் போடறேன்."

"போடுங்க. ஆனா அப்பா, அந்தப் பனியன மட்டும் மாத்துங்க. எங்க விடுதியில எல்லாரும் அந்த ஓட்டையப் பத்தித்தான் கேக்கறாங்க."

இப்போது புரிகிறது. இன்று சிவப்புக் குடை மூன்று தடவை கைதட்டிவிட்டுக் காத்திருந்தது. நான் வெளியே பாய்ந்ததும் நாற்பது பேரும் சேர்ந்து கைதட்டினார்கள். எனக்கு! குகையிலிருந்து கரடியைக் கூப்பிடுவதுபோல என்னைக் கூப்பிடுகிறார்கள், நானும் சரியாக வந்து நிற்கிறேன்.

வராமலும் இருக்க முடியவில்லையே? நான் போகாவிட்டால் இவர்களைக் கேட்பது யார்?

ஜூன் 16

இப்போது உள்ளேயே குடியேறிவிட்டார்கள். எங்களுக்கு நேர் மேலே, முதல் மாடி வீட்டை ஒரு மெக்சிகோக்காரி மூன்று வாரத்துக்கு எடுத்திருக்கிறாள். கிராசியெலா. அறுபது வயதிருக்கும், ஒற்றை ஆள், சக்கரப் பெட்டியைப் படிக்குப் படி தடதடவென்று இழுத்துக்கொண்டு ஏறினாள். நான் வழியில் இடுப்பில் கைவைத்து நின்றேன். அவள் ஃபோனில் ஏதோ சொல்ல, ஃபோன் எங்கள் மொழியில் கேட்டது: "நீங்கள்தான் வாயிற்காவலரா?"

கதவைச் சாத்தினேன். கட்டடமே அதிர்ந்திருக்கும்.

ஜூன் 18, புதன்

ஜினா வேலைக்குக் கிளம்பிய பிறகு புதுப் பூட்டு போட்டேன். காந்தப் பூட்டு. பொத்தானும் இல்லை, எண்ணும் இல்லை, காசு அளவு மின்வில்லையை மேலே வைத்தால்தான் திறக்கும். அழைப்பு மணியையும் கழற்றி வைத்தேன். எல்லா வீட்டுக்கும் வில்லை கொடுத்தாயிற்று. குழுவிலும் போட்டாயிற்று.

இன்றுதான் நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

ஜூன் 19, வியாழன்

கட்டடத்தில் ஒரே ஒருத்திக்கு வில்லை கொடுக்கவில்லை. சொல்லவும் இல்லை. எவளுடைய தூக்கத்துக்காக இத்தனையும் செய்தேனோ அவளுக்கு.

காலையில் கம்பி வாங்க வன்பொருள் சந்தைக்குப் போனேன், ஃபோனைச் சமையலறையில் விட்டுவிட்டு. நல்ல மழை. பதினொன்றுக்குத் திரும்பினால் கட்டில் காலி, ஃபோனில் பதினொரு தவறிய அழைப்பு. நான் அழைத்தால் அவள் ஃபோன் அணைந்து கிடக்கிறது.

டிராம் நிறுத்தத்துக்கு ஓடினேன். அழைப்பு மையத்துக்கு அடித்தேன். எட்டுக்கே கிளம்பிட்டாங்களே என்றார்கள். அவள் தோழி வீடு. ரொட்டிக் கடை. பிறகு மருத்துவமனைகள். 'நாற்பத்தெட்டு வயது, சாம்பல் நிறக் கோட்டு' என்று சொல்லும்போது என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

படிக்கட்டில் வந்து உட்கார்ந்தேன். பூட்டுக்குப் பயந்து சிவப்புக் குடை வராது என்று நினைத்தால், வெனியாமினே கதவைத் திறந்து உள்ளே விட்டார். மழையில் நிற்கிறார்களாம். கைதட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நான் தலையைத் தூக்கவில்லை. அந்த அம்மாள் கிட்டே வந்து, "இக்னாத் பாவ்லோவிச், உடம்பு சரியில்லையா?" என்றாள். இரண்டாவது குழுவும் வந்து, தட்டி, போயிற்று.

நாலரைக்கு மெக்சிகோக்காரி இறங்கி வந்தாள். என்னைப் பார்த்தாள். உதட்டில் விரலை வைத்தாள். என் சட்டைக் கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டு போனாள்.

சோபாவில் ஜினா. வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டு, கோடு போட்ட ஏதோ ஒரு சால்வையின் கீழே. வாசலில் அவள் ஷூ, உள்ளே செய்தித்தாள் திணித்துக் காய வைத்திருந்தது.

அந்த அந்நியப் பெண்ணின் வீட்டில் தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தமில்லாமல்தான்.

ஆறுக்கு எழுந்தாள். கீழே வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நாப்பது நிமிஷம் மழையில நின்னேன். என் வீட்டு வாசல்ல. ரொட்டி வாங்கிட்டு வந்த அந்தம்மா கதவத் திறந்து விட்டுச்சு. நம்ம ஊருக்கு வந்த விருந்தாளி எனக்கு என் வீட்டக் காட்டுது."

"உள்ள வந்தப்புறம் வீட்டுச் சாவிதான் இருந்துச்சே, நேரா வீட்டுக்கு வந்திருக்கலாமே..."

"உன் மூஞ்சியில முழிக்க வேணாம்னுதான் மேல போனேன். ஒரு வாய் டீ. அவ்வளவுதான் ஞாபகம்."

"கைதட்டினானுங்களே, ரெண்டு குழு. கேக்கலையா?"

"கேக்கறதா? இதுவரைக்கும் எனக்கு அது என்னிக்குக் கேட்டுச்சு? பத்து வருஷமா அவங்க தட்டறாங்க, பத்து வருஷமா நான் தூங்கறேன். நீ வேலைக்குப் போயிருவ, உனக்குத் தெரியாது." ஷூவை வாசலோரம் வைத்தாள். "மேல எனக்கு ஏன் தூக்கம் வந்துச்சு தெரியுமா, இக்னாத்? அங்க நீ இல்ல."

ஜூன் 20

அவளோடு பேசவில்லை. நானா எழுப்புகிறேன்? நானா? யாருக்காகக் கத்தினேன்? பூட்டு யாருக்காக? ஐந்து மொழியில் அட்டை யாருக்காக? நன்றி கெட்ட... வேண்டாம். எழுதமாட்டேன்.

காந்தப் பூட்டைக் கழற்றினேன். அழைப்பு மணியை மாட்டினேன். எழுப்பிவிடக் கூடாதே என்று சுத்தியலில் துணி சுற்றி ஆணி அடித்தேன். கோபம் அடங்கிவிட்டது என்று அர்த்தமில்லை.

ஜூன் 21, சனி

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பழுது பார்க்கிறவன் சோதிக்காமல் நம்ப மாட்டான்.

பதினொன்றுக்கு வந்தார்கள். தட்டினார்கள். நான் சமையலறை முக்காலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மறுபடி தட்டினார்கள். துண்டின் முனையைக் கடித்தேன். மூன்றாவது தட்டலுக்குப் பிறகு, "இன்னிக்கு அவர் ஊர்ல இல்ல போல" என்று எலியோனோராவின் குரல். கூட்டம் 'ச்சு' கொட்டியது.

ஐந்து குழு இப்படியே. துண்டு கிழிந்துவிட்டது.

ஜினா எழுந்தது நாலு பத்துக்கு.

ஆக, கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. உதிரி பாகம் கிடைக்காது. ஐம்பத்தாறு வருடப் பழைய மாடல்.

ஜூன் 24, செவ்வாய்

கிராசியெலாவை ஞாயிறன்று ஜினா டீக்குக் கூப்பிட்டாள். வந்தவள் ஷூவோடு அறைக்குள் கால் வைத்தாள். இங்கே வீட்டுக்குள் கழற்றிவிட வேண்டும் என்று ஜினா சைகையில் சொல்லிக் கொடுத்தாள். வீடு எங்கே ஆரம்பிக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை. அவள் தெருக்கதவிலிருந்தே ஆரம்பிக்கிறது என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். நேற்று முதல் ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டு, காலுறையோடு பளிங்குப் படியில் ஏறுகிறாள்.

இன்று அதை ஒரு குழு பார்த்தது. கதவு இடுக்கில் நானும் பார்த்தேன். எல்லாரும் எலியோனோராவைத் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்த அம்மாள் ஒரு நொடி திகைத்தாள். ஒரே நொடிதான்.

"இந்தக் கட்டடத்துல, ஜார் காலத்துலேர்ந்தே, காலணியோட யாரும் படி ஏறுனதில்ல!" என்றாள்.

பொய்! பச்சைப் பொய்! என் மாமனார் இதே படியில் மோட்டார் சைக்கிளை ஏற்றியிருக்கிறார்! கதவைத் திறந்து நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

முப்பது பேர் குனிந்து ஷூவைக் கழற்றினார்கள்.

கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்காமல்.

ஜூன் 26

முன்கூடத்தில் முப்பது ஜோடி ஷூ. வெனியாமின் தடுக்கி விழப்போனார். கோபத்தில் எனக்குக் காது சுடுகிறது. எலியோனோராவை ஓரமாகக் கூப்பிட்டு, அவள் காதோரம், செல்யாபின்ஸ்க்காரர்களிடம் கற்றுக்கொண்ட இரண்டு வசவையும் மெல்லச் சொன்னேன். அந்த அம்மாள் முகம் வெளுத்தது. மெல்லச் சொன்னால் அதிகம் உறைக்கும் போலிருக்கிறது. இத்தனை வருடம் தெரியாமல் தொண்டையைக் கெடுத்துக்கொண்டேன்.

ஷூவையெல்லாம் சுவரோரம் வரிசையாக வைக்க ஒப்புக்கொண்டாள். கைதட்டுவதை விடமாட்டாளாம். "அது என் பொழப்புங்க." சரி, தட்டு.

ஜூன் 29, ஞாயிறு

விடுப்பு முடிகிறது. நாளையிலிருந்து லிஃப்ட்.

இருபது நாளாக ஜினாவின் கையில் தப்பு இல்லை. நேற்றிரவு மட்டும் நூற்றுப் பன்னிரண்டு அழைப்பாம். காலையில் வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தாள்.

நான் பகல் முழுக்கக் கூடத்தில் ஷூக்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். இந்த வேலையை நாளைக்கு யார் செய்வார்கள் என்று ஒரு கவலை வேறு. ஒரு கொரியக்காரர் நூறு ரூபிளை என் கையில் வைத்து அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சட்டைப் பையிலேயே திருப்பிப் போட்டேன்.

ஐந்துக்கு ஜினா எழுந்து, தலையைச் சொறிந்துகொண்டே சமையலறைக்கு வந்தாள்.

"என்ன, இன்னிக்கு ஒருத்தரும் வரலையா?"

"ஒன்பது குழு" என்றேன்.

"ஏன்யா குசுகுசுன்னு பேசற? நான்தான் எந்திரிச்சிட்டேனே."