பப்பாளிக்காய் சாலட்

சனிக்கிழமை, இரவு.

ஓசூரில் லேத்துப் பட்டறைகளுக்குப் பின்னால், ஒரு சந்துக்குள் தாய்லாந்து கடல் உணவுக் கடை இருக்கிறது. தேடிப் பிடிக்க அரை மணி நேரம் ஆனது. மகனுக்கு இன்றுதான் கம்பெனி லீவு. என் மனைவி ராஜம்மா சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டாள். பெருமாளுக்கு முப்பது வருட விரதம். அதனால் மகன் அவளுக்குப் பப்பாளிக்காய் சாலட் சொன்னான்.

மெனுவில் தமிழும் இருந்தது. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் தட்டே வந்துவிட்டது. கடைசி வரியில் காய்ந்த இறால், மீன் சாறு என்று போட்டிருந்தது. சட்டென்று அவள் கையைப் பிடித்தேன்.

“விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க.”

“வாயில வெக்காத. இதுல எறா கருவாடு இருக்குது.”

“யாரு சொன்னாங்க உங்களுக்கு?”

“இதோ, இதுல எழுதியிருக்குது.”

பரிமாறியவரைக் கேட்டோம். ஆமாம் என்றார். ராஜம்மா என் முகத்தையே பார்த்தாள். நான் எழுத்துப் படிக்க முதியோர் கல்வி வகுப்புக்குக் கிளம்பும்போதெல்லாம், “காலேஜுக்குப் போறாரு” என்று சிரித்தவள்.

அவள் வெறும் சோறும் இளநீரும் எடுத்துக்கொண்டாள். சாலட்டை நான் சாப்பிட்டேன். புளிப்பும் காரமுமாக, நன்றாகவே இருந்தது.

திரும்பும்போது மகன் காரை விரட்டினான்.

“மெதுவா ஓட்டுடா,” என்றாள் அவள். “அப்பா போர்டெல்லாம் படிக்கட்டும்.”