கேட்டவர் தவறு

இன்று காலை உயரமான டம்ளரிலிருந்த காபியை அகலமான டம்ளருக்கு மாற்றினேன். சட்டென்று குறைந்துவிட்டது போலத் தெரிந்தது. வேலைக்கார அம்மா குடித்திருப்பாரோ என்று ஒரு கணம் திரும்பிக்கூடப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பேராசிரியை நான்! நீ இருந்திருந்தால் தெருவுக்கே கேட்கும்படி சிரித்திருப்பாய்.

புதுப்பட்டினத்துச் சின்னப் பள்ளிக்கு ஆய்வுக்குப் போனோமே, அந்த வாரம் நினைவுக்கு வந்தது. நீ உளவியல், நான் மானிடவியல். செங்கல்பட்டில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் வருவதற்குள் சண்டை முற்றிவிடும். உன் துறைக்குக் குழந்தை என்றால் பாதி கட்டிய பெரியவர் என்பேன் நான். "உங்க துறைக்கு?" என்பாய். அது ஒரு தனி நாடு, தொந்தரவு செய்யாமல் பார்க்க வேண்டும் என்பேன்.

அப்படியே வகுப்பு மூலையில் மூன்று நாள் அசையாமல் உட்கார்ந்தேன். நான்காம் நாள் பிள்ளைகள் என்னைக் கண்ணாமூச்சிக்குத் தூணாக்கிக்கொண்டார்கள். என்னைத் தொட்டால் அவுட் இல்லை. "எழுதிக்கடி, ஆய்வாளர் தூணா நல்லா வேலை செஞ்சாங்கன்னு" என்றாய்.

உன் முறை அன்று மதியமே வந்தது. டீக்கடைக்காரர் மகள், ஐந்து வயது. அவள் எதிரில் ஒரு கிளாஸ் தண்ணீரை உயரமான கிளாசுக்கு மாற்றினாய்.

"முன்னாடி இருந்ததை விட இப்போ அதிகமா, கம்மியா, இல்ல அதே அளவா?"

"கம்மி."

'அதே அளவு' என்பதுதான் சரியான விடை. தவறு என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டே, "ஏம்மா?" என்றாய்.

"நீதான் பாய்ல ஊத்திகினியே. இன்னா, தெர்லியா? பாரு, ஈரமா கீது."

நீ பாயைத் தொட்டுப் பார்த்தாய். ஈரம்தான். நான் தூண் என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன்.

நீ சிரிக்கவில்லை. இந்தச் சோதனையில் மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பாமல் இன்னொரு வருடம் நிறுத்தப்போவதாகத் தலைமையாசிரியை முதல் நாளே சொல்லியிருந்தார். படிவத்தில் இருந்தவை சரி, தவறு என்று இரண்டே கட்டங்கள். நீ பக்கத்தில் கோணலாக மூன்றாவது கட்டம் வரைந்து, 'கேட்டவர் தவறு' என்று எழுதி, டிக் அடித்தாய். பழைய படிவங்களையும் எடுத்துப் பார்த்து, இப்படியே நியாயமான காரணம் சொல்லியும் தவறு வாங்கியிருந்த இன்னும் நான்கு பேருக்கு அதையே செய்தாய்.

பல்கலைக்கழகத்தில் உன் துறைத்தலைவர் படிவத்தைப் பார்த்துவிட்டு மேசையைத் தட்டினார். "இப்படி ஒரு கட்டம் உலகத்துல எங்கேயாவது இருக்கா?"

"இன்னைலேர்ந்து இருக்கு சார்."

உன்னைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த ஐந்து பிள்ளைகளும் ஒன்றாம் வகுப்புக்குப் போனார்கள். உன்னை எடுத்த அன்று திரும்பும் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாய். அழுகிறாய் என்று நினைத்தேன். "அவ சொன்னது சரிதானேடி? எனக்கு ஊத்தவே தெரியலையே" என்றாய்.

போன மழைக்காலத்தில் நீ போய்விட்டாய். நாவலூரில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்து அங்கன்வாடிக்கு இப்போதும் போகிறேன். ஆனால் முதலில் நான் எதுவும் கேட்பதில்லை. பிள்ளைகள்தான் என்னைக் கேட்பார்கள். உன்னிடம் கற்றது.

நேற்று நான்கு வயதுக்காரி ஒருத்தி, "ஆயா, உனுக்கு ஃப்ரெண்டு கீறாங்களா?" என்று கேட்டாள்.

"இருந்தா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "இருக்கா" என்றேன்.

"அப்ப நாளிக்கு இட்டுகினு வா."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன்.