மீந்த சோற்றுக்கு முன்கூட்டியே சம்மதம்

15-5-1983, ஞாயிறு, காலை 10.40. மேகமில்லை, கடும் வெயில்.

தங்கள் கவனத்திற்கு: சோறு வடித்து மூடியிருக்கிறேன். வத்தக்குழம்பைச் சூடாக்கிக்கொள்ளவும். பெரிய அண்டாவைத் தேட வேண்டாம். நான் எடுத்துச் செல்கிறேன்.

நேற்று, "பண்டிதர் பட்டம் வாங்கினு, கல்யாணத்துல மீந்த சோத்த வாரத்தான் போறியா?" என்று கேட்டீர்கள். இலையில் மீந்ததை நானும் என் தோழிகளும் தொடுவதில்லை. பரிமாறாமல் அண்டாவிலேயே தங்கிவிட்டதைத்தான் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருப்போருக்குக் கொண்டுபோகிறோம். பெண்ணின் தகப்பனார் சம்மதிக்காமல் சமையற்காரர் தரமாட்டார். அவரோ பெண்ணை வழியனுப்பிய பிறகே எங்களைத் திரும்பிப் பார்ப்பார். அதற்குள் சாம்பார் ஊசிவிடுகிறது. ஆகையால், மண்டபம் பேசும் நாளிலேயே அச்சம்மதத்தைப் பெறும்படி மண்டப உரிமையாளர் ஆதிமூலத்திடம் ஓராண்டாக வற்புறுத்தி வருகிறேன். இன்று முடிவு சொல்வதாகக் கூறியிருக்கிறார்.

கோபம் தணிந்திருந்தால் இரண்டு மணிக்கு மண்டபத்தின் பின்வாசலுக்கு வாருங்கள். அண்டாவின் மறுபக்கத்தைப் பிடிக்க ஆள் வேண்டும்.

தங்கள் மனைவி உண்ணாமலை

பின்குறிப்பு: கதவைப் பூட்டும்போது ஆதிமூலமே வந்துவிட்டார். "டீச்சரம்மா, உங்க தொல்லை ஜாஸ்தியாப் போச்சு. இனிமே புக்கிங் அன்னைக்கே கேட்டு எழுதி வாங்கிடறோம், போதுங்களா?" என்றார். "போதும், கையெழுத்து?" என்றேன். சிரித்துக்கொண்டே, கையெழுத்திட்ட தாளை என் கையில் கொடுத்தார்.