விறகுக் கொட்டகையில் நின்றது போதும்

வீத்தசாரி,
ஏப்ரல் 9

அன்பு மகள் ரௌனிக்கு,

நீ எனக்குச் செய்தது அநியாயம். குளிர்காலம் முழுக்க யுவாஸ்குலாவில் ஓர் ஆலோசகரிடம் போய், நீ பெண்தானா, ஆணா, வேறு ஏதாவதா என்று பேசியிருக்கிறாய். பெற்றவன் நான் அதை ஹெல்வி அத்தையின் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. அவளும் காப்பி குடிக்கும்போது உளறியதுதான். "என்ன தைஸ்தோ, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுக் கையிலிருந்த பன்னைக் கீழே போட்டாள்.

போன இரண்டு கோடைத் திருநாளுக்கும் வந்தாய். வியர்க்க வியர்க்க நீராவியில் குளிக்கும் நம் சவுனாவுக்குள் கால் வைக்காமல் திரும்பினாய். உடம்பில் அடித்துக்கொள்ள உனக்கென்று நான் கட்டிய பிர்ச் மர இலைக்கொத்து ஆணியிலேயே காய்ந்தது. படகை உன் அண்ணன் யோக்கோவுக்குக் கொடுத்த கோபம் என்று நினைத்து, அன்றிலிருந்து அவனைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். அது அவனுக்கும் அநியாயம்.

யாரோ ஒருவரிடம் சொல்ல வந்த வாய், அப்பனிடம் வரவில்லையா?

ஏரியில் பனி இன்னும் உடையவில்லை. நான் நலம்.

அப்பா

யுவாஸ்குலா,
ஏப்ரல் 17

அன்புள்ள அப்பா,

அண்ணனைத் திட்டாதீர்கள். படகு அவனிடமே இருக்கட்டும், அது ஒழுகுகிறது.

நம் சவுனாவில் முதலில் பெண்கள், பிறகு ஆண்கள் என்று முறை வைத்தவர் நீங்கள். அத்தை, "ரௌனி, வாடி, சூடு ஆறுது!" என்று கூப்பிட்டபோது என் கால் நகரவில்லை. அடுத்து அண்ணனோடு போகவும் மனம் வரவில்லை. இரண்டு முறையும் முடியும்வரை விறகுக் கொட்டகையில் நின்று, அடுக்கிய விறகையே கலைத்து அடுக்கினேன்.

உங்களிடம் சொன்னால், "அப்போ நீ யாரு?" என்பீர்கள். என்னிடம் பதில் இல்லை. ஆலோசகர் மெரியா அப்படிக் கேட்கவில்லை. "தெரியாமலே கொஞ்ச நாள் இருக்கலாமே" என்றார். அன்று நான் கடைத்தெருவில் தனியாகச் சிரித்துக்கொண்டே நடந்தேன், அப்பா.

வியாழக்கிழமைகளில் அவர், தன்னிடம் வருகிறவர்களின் குடும்பத்தாரைச் சந்திக்கிறார். நீங்கள் வரலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நான் இருக்கமாட்டேன். இந்தத் திருநாளுக்கு ஊருக்கு வருவேனா, இன்னும் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் ரௌனி

வீத்தசாரி,
மே 22

என் பிள்ளை ரௌனிக்கு,

போனேன். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். வட்டமாக நாற்காலிகள்; என்னைப் போலவே முறைத்துக்கொண்டு ஆறேழு பேர். மெரியாவிடம் நேராகவே கேட்டேன்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க. எம் பிள்ளை ஆணா, பொண்ணா?"

"எனக்குத் தெரியாதுங்க. தேடுறது ரௌனி. நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன், அவ்வளவுதான்."

"பக்கத்துல உட்கார்றதுக்கா சம்பளம்?"

"ஆமா. உங்களுக்கு அந்த வேலை வருமா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? நாள் பூரா தூண்டிலப் போட்டுட்டு, ஒரு மீனும் கடிக்காம உட்கார்றவன் நான்!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை.

நூலகத்தில் இதைப் பற்றி இரண்டு புத்தகம் எடுத்துப் படித்தேன். ஒன்று சரியில்லை, எழுதியவருக்குக் கண்டித்துக் கடிதம் போட்டிருக்கிறேன்.

என்னிடம் முதலில் சொல்லாதது அநியாயம்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் என் சவுனாவில் அடுப்பு எரியும்போது என் பிள்ளை கொட்டகையில் நின்றது அதைவிடப் பெரிய அநியாயம். முறை வைத்தவன் நான், மாற்றுகிறவனும் நானே. பெண்கள், ஆண்கள், அதன்பின் மூன்றாவது முறை ரௌனிக்கு. ஆகவே, திருநாளன்று:

ஹெல்வி பன் சுட வேண்டும். "வாடி" என்று கூப்பிடக் கூடாது. ரௌனி என்றால் போதும்.

யோக்கோ படகின் ஓட்டையை அடைக்க வேண்டும். நான் திட்டியதை மறக்க வேண்டும்.

நீ வழக்கம்போல ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவர வேண்டும். பதிலெல்லாம் கொண்டுவர வேண்டாம்.

நான் கொத்து கட்ட வேண்டும். மூன்றாவது முறைக்கும் சூடு ஆறாமல் விறகு போட்டுவிட்டு, கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும். கூப்பிட்டால் உள்ளே வர வேண்டும். கூப்பிடாவிட்டால் அங்கேயே இருக்க வேண்டும்.

அப்பா