கூறை உடுத்து வந்து மணி அடித்தவள்

என் செல்ல அக்கா,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ வந்து பதில் சொல்லமாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நான் கொம்பியூட்டர் பொம்மைகளுக்கு உடுப்புத் தைக்கிறவள் என்று எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பாய்! வீடு கட்டி, சமைத்து, படுத்து எழும்புகிற அந்த விளையாட்டில் எங்கள் குடும்பத்தையும் குடியிருத்தினேன். உன் கூறைப்புடவையைக் கட்டிலில் விரித்துப் படமெடுத்து, நெசவும் கரையும் மாறாமல் உன் பொம்மைக்கு உடுத்தினேன். பொம்மைக்கு உன்னைவிட இடுப்புச் சின்னது என்று சண்டை பிடித்தாய். பிறகு அதே கூறையை உனக்கு உடுத்தித்தான் கனத்தைச் சுடலைக்குக் கொண்டுபோனோம். அது உன்னோடு எரிந்தது. திரையில் இருந்ததுதான் மிச்சம்.

அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. பின்னேரம் தேத்தண்ணியோடு என் பக்கத்தில் வந்து இருப்பார். நீ என்ன சமைக்கிறாய், ஏன் இன்னும் படுக்கவில்லை என்று கேட்பார். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

போன கிழமை கரையின் நிறத்தைத் திருத்தி மறுபடி ஏற்றினேன். புது உடுப்பு ஏற்றினால், விளையாட்டே அதை யாருக்கும் உடுத்தலாம் என்று ஒரு சரி அடையாளம் தானாக விழுந்திருக்கும். அதை எடுக்க மறந்துபோனேன். அடுத்த நாள் விளையாட்டைத் திறந்தால், அங்கே தெருவில் போகிற முன்பின் தெரியாத பெண்கள் எல்லாரும் உன் கூறையில். ஒருத்தி நேரே வந்து எங்கள் வீட்டு மணியை அடித்துவிட்டு வாசலில் நின்றாள்.

"நெருப்பிலை போன சீலை. இவளுக்கு ஆர் குடுத்தது?" என்றார் அம்மா.

நான் அந்த அடையாளத்தைக் காட்டி விளங்கப்படுத்தினேன். காதிலேயே விழவில்லை. தன்னைக் கூட்டிப்போக நீ ஆளனுப்பியிருக்கிறாயாம். அன்றிலிருந்து இருதயத்துக்கான குளிசையைத் தொடவில்லை. அப்பா கெஞ்சினார், வெருட்டியும் பார்த்தார். பம்பலப்பிட்டி டொக்டரிடமும் வரமாட்டாராம். நீ இருந்தால் ஒரு அதட்டலில் விழுங்க வைத்திருப்பாய். ஏனக்கா, உண்மையாகவே நீயா அனுப்பினாய்? எனக்கே பயமாகக் கிடக்கிறது.

நேற்று அந்தக் கூறையை விளையாட்டிலிருந்து அடியோடு அழித்தேன். எல்லாரும் வேறு உடுப்புக்கு மாறிவிட்டார்கள், நீயும்தான். ஒரு அரைக் காற்சட்டையோடு அடுப்படியில் நின்றாய். அம்மா பார்த்துச் சிரித்தார். அப்பாடா என்று இருந்தது.

இன்று காலை எழும்பிப் பார்த்தால், பல்கனியில் அம்மாவின் கூறை காய்கிறது. கடற்காற்றில் உப்புப் பிடிக்கும் என்று அலுமாரியை விட்டு வெளியே எடுக்காத சீலை. மத்தியானம் அதை மடித்து என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"இதையும் வடிவா படமெடு பிள்ளை. எனக்கு உடுத்திவிட்டாப் பிறகு எடுக்கேலாது."

நான் எடுக்கப் போவதில்லை. சீலை என் மேசையில் மடித்தபடியே கிடக்கட்டும். குளிசையை என் கையாலேயே அவர் வாயில் போட்டு, விழுங்கும்வரை பக்கத்தில் இருப்பேன். நீ வாசலில் நிற்காதே, அக்கா. இனி மணி அடித்தால், அது நீயாக இருந்தாலும் நான் திறக்கமாட்டேன்.

அம்மாவை உனக்கு விட்டுத்தராத
உன் தங்கச்சி