உங்களுக்குக் காட்டாத கால்

என் ஆசை அத்தைக்கு,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் கண்டுகொள்ளாதீர்கள். நீங்கள் இருந்தவரை என் கோலத்தையே நேராக இருக்கிறதென்று ஒரு நாளும் சொன்னதில்லை, எழுத்தையா சொல்லப்போகிறீர்கள்? நேற்று நம் ஊர் முக்கில் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். ஊரில் சொல்ல ஆளில்லை. எல்லாரும் அங்கேதான் நின்றார்கள்.

உங்கள் மகன் ஓடினார், அத்தை. புதுக்கோட்டையில் தொடங்கித் திருமயம் கோட்டைவரை போய்த் திரும்பும் மாரத்தான். தெருமுனைக் கடைக்குத் தீப்பெட்டி வாங்கக்கூட வராத மனுஷன்.

நீங்கள் போன பிறகு, திருச்சியில் செயற்கைக் கால் மாட்டுகிற இடத்துக்கு அளவு சரிபார்க்கப் போயிருந்தோம். அங்கே ஒரு சின்னப் பெண் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள். அவள் வளர்ந்துவிட்டாள், மாட்டியிருந்த கால் வளரவில்லை. புதுக் காலுக்கு வழியில்லை என்று அவள் அம்மா சொன்னதை இவர் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காக நிதி திரட்ட ஒரு ஓட்டம் நடத்துகிறோம் என்று அங்கிருந்தவர்கள் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்கள். "என் பேரையும் எழுதிக்கங்க" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

டாக்டர் அப்போதே எச்சரித்தார். ஓடுவதற்கென்று வில் மாதிரி வளைந்த ஒரு கால் கொடுத்தார்கள். அதற்குள் ரப்பர் உறை. அந்த உறைக்குள் ஈரம் போனால் தோல் வழுக்கி உரிந்துவிடுமாம். மறுபடி புண்ணாகிச் சீழ் வைத்தால் இந்த முறை முட்டிக்கு மேலே எடுக்கவேண்டி வரும் என்றார். முட்டி இருப்பதால்தான் அத்தை, அவரால் இப்போது மாடிப்படி ஏற முடிகிறது. அந்த முட்டியைப் பணயம் வைத்துத்தான் ஓடக் கிளம்பினார். நான் அழுதேன், சண்டை போட்டேன், இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். உங்கள் வயிற்றில் பிறந்த பிடிவாதம், அசையுமா? மாதக்கணக்கில் விடியுமுன்னே எழுந்து ஆளில்லாத ரோட்டில் ஓடிப் பழகினார்.

உங்களிடமும் அந்தப் பிடிவாதத்தைத்தானே காட்டினார். காஷ்மீரில் கண்ணிவெடியில் இடது காலைக் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து நீங்கள் கேட்டீர்கள். "பெத்தவடா நான். ஒரு தடவ காட்டுடா." அவர் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "பாத்து என்னம்மா செய்யப் போற?" எந்நேரமும் முழுக்கால் பேன்ட், குளியலறைக்குத் தாழ்ப்பாள், படுத்தால் போர்வை. கட்டிக்கொண்ட எனக்கே காட்டியதில்லை, திருச்சியில் அளவெடுக்கும்போதும் என்னை வெளியேதான் உட்காரவைப்பார். ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் அவர் பேன்டோடு சேர்த்து அந்தக் காலைத் தடவியபோதும் அவர் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

நேற்று விடிந்ததும் ஓட்டம் தொடங்கியது. ஓடுகிற எல்லாருக்கும் மஞ்சள் பனியன் கொடுத்திருந்தார்கள். இவர் மட்டும் அதற்குக் கீழே வழக்கம்போல் முழுக்கால் பேன்ட். நல்ல மங்கலகரமான மஞ்சள் பனியன். வினையே அங்கேதான் பிடித்தது.

நான் ஸ்கூட்டியில் பின்னால் போனேன். ஊர் முக்கு தெரிந்ததும் எனக்குப் பகீரென்றது. உங்கள் மகள் தேன்மொழி உங்கள் பித்தளைக் குடத்தோடு நடுரோட்டில் நிற்கிறாள். பக்கத்தில் ராக்கம்மா அக்கா, அவருக்குப் பின்னால் தெருப் பெண்கள் அத்தனை பேர், எல்லார் இடுப்பிலும் குடம். வேப்பிலை மிதக்கிற மஞ்சள் தண்ணீர்.

எல்லாம் நீங்கள் பழக்கிய பழக்கம். நார்த்தாமலை மாரியம்மனுக்குப் பால்குடம் எடுத்துப் போகிறவர்கள் காலில் ஊற்றும் முதல் குடம் உங்களுடையதாக இருக்கவேண்டும் என்று வருஷா வருஷம் முண்டியடித்து நிற்பீர்களே. அம்மா இல்லை, அம்மா இடத்தில் நான் ஊற்றுகிறேன் என்று தேன்மொழி நினைத்திருக்கிறாள். மஞ்சள் உடுத்தி, வேண்டுதல் மாதிரி பிறத்தியார் பிள்ளைக்காக ஓடி வருகிற தம்பி. அவள் எப்படிச் சும்மா இருப்பாள்?

"ஊத்தாதீங்க அண்ணி! ஊத்தாதீங்க!" என்று ஹாரனை அழுத்திக்கொண்டே கத்தினேன். ஹாரன் சத்தத்தில் என் சத்தமே கேட்கவில்லை. உற்சாகமாகக் கத்துகிறேன் என்று நினைத்துக் குலவை போட்டார்கள். முதல் குடம் முட்டியிலேயே விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது.

அவர் நாலடி போனார். அந்த வில்லுக்கால் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டது. ரோட்டோரத்துப் புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வண்டியை அவர் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"என்னாச்சு தம்பி? ஏன் நின்னுட்ட?" என்று தேன்மொழி ஓடி வந்தாள்.

"அக்கா, உள்ள தண்ணி போயிருச்சு. போனா புண்ணாயிரும்."

"அய்யோ பாவி நான்! எனக்குத் தெரியாதேடா!"

"அழுவாத. ஒரு சேர் எடுத்துட்டு வா."

டீக்கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. வீட்டுக்குப் போய்விடலாம், கதவைச் சாத்திக்கொண்டு துடைக்கலாம் என்று நான் வண்டியைத் திருப்பினேன். அவர் உட்கார்ந்தார். குனிந்து பேன்ட்டை முட்டிக்கு மேலே சுருட்டினார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் காலைக் கழற்றிக் கீழே வைத்தார். பிறகு ரப்பர் உறையையும் உருவினார்.

அத்தை, நான் அப்போதுதான் பார்த்தேன். கட்டிய பெண்டாட்டி, ஊரோடு ஊராக நின்று, பட்டப்பகலில். போகிற பஸ்கூட மெதுவாகப் போனது. முட்டிக்குக் கீழே ஒரு சாண் இருக்கும். வெளுத்து, நுனியில் தையல் சுருங்கி, ஓரத்தில் லேசாகச் சிவந்து. இதையா இத்தனை காலம் மூடி வைத்திருந்தார்? இதற்கா பயந்தார்?

"துணி இருக்கா?" என்று என்னைக் கேட்டார். வியர்வை துடைக்க உங்கள் பழைய நூல் சேலையைத்தான் கிழித்துப் பையில் வைத்திருந்தேன். எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. காலை என் பக்கம் நீட்டினார். நான்தான் துடைத்தேன்.

ஈரம் முழுக்கக் காயவேண்டுமே. ராக்கம்மா அக்கா முதலில் குடத்தை இறக்கினார். முந்தானையை இரண்டு கையிலும் பிடித்து விசிற ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். சேலை முந்தானை, துண்டு, டீக்கடைத் தட்டு, கையில் கிடைத்ததெல்லாம் வீசினார்கள். "மெதுவா வீசுங்க, புழுதி ஒட்டும்" என்று உங்கள் மகனே சிரித்தார். எத்தனை காலமாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு.

"போதும் மச்சான், நிறுத்திக்கலாம்" என்றேன்.

"தோல் உரியல. அந்தப் புள்ள சாஞ்சே நிக்குது சரசு" என்றார். மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

திரும்பி வரும்போது நல்ல வெயில். தெரு அப்படியே காத்திருந்தது. ஆனால் ஒருத்தி கையிலும் சொட்டுத் தண்ணீர் இல்லை. "குடிக்கவாச்சும் தாக்கா" என்று அவர் கெஞ்ச, தேன்மொழி எட்ட நின்று பாட்டிலை நீட்டினாள்.

கடைசி ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தார். முடிவுக் கோட்டில் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் கம்பை மறுபடி தூக்கிப் பிடித்தார்கள். அதன் அடியில் புகுந்து முடித்தார். அந்தப் பெண்ணுக்குக் கால் வந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

நான் எழுத உட்கார்ந்தது இதற்காக மட்டும் இல்லை அத்தை. மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். நான் அடுப்படியில் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கூடத்தில் நாற்காலியை இழுக்கும் சத்தம். எட்டிப் பார்த்தேன். உங்கள் படத்துக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். கால் கழற்றிக் கிடந்தது. இரண்டு கையாலும் தொடையைத் தூக்கி, மிஞ்சிய காலைப் படத்துக்கு நேராகப் பிடித்திருந்தார்.

"இந்தா, பாத்துக்கம்மா" என்றார்.

பிறகு வாய்விட்டு அழுதார். சின்னப் பிள்ளை விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு அம்மாவிடம் காட்டி அழுமே, அப்படி. நான் கையில் கரண்டியோடு அப்படியே நின்றேன். இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன் போலிருக்கிறது.

பார்த்தீர்களா அத்தை? தெரிந்ததா?

கால் ஆறித்தான் இருக்கிறது. இனி அந்தத் தாழ்ப்பாள் கிடையாது. தினமும் உங்களுக்கும் சேர்த்து நான் பார்த்துக்கொள்கிறேன், எண்ணெய் தடவி, ஈரம் துடைத்து, உங்கள் சேலைத் துணியாலேயே. இது சத்தியம்.

உங்கள் அண்ணன் மகள்,
உங்கள் பிள்ளையைக் கட்டியவள்,
சரசு